பிரான்சில் ஓய்வூதிய வயது: 62, 64, 67 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023ஆம் ஆண்டு பிரான்சில் ஓய்வூதிய வயது 62இலிருந்து 64 ஆக உயர்த்தப்பட்டபோது நாடே வீதிக்கு வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பின்னர் பாதி வழியில் இடைநிறுத்தப்பட்டும் விட்டது. ஆனாலும் பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவிலும், கோயில் மண்டபத்திலும், பிள்ளைகள் தமிழ் படிக்கும் தமிழ்ச்சோலைப் பள்ளி வாசலிலும் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் குறையவில்லை. படிவங்கள் நிரப்ப உதவி கேட்டு வருபவர்களோடு பல ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களை இங்கே எழுதுகிறேன்.

64 வயதானால் முழு ஓய்வூதியம் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. எங்கள் மத்தியில் மிக அதிகமாகப் பரவியுள்ள தவறான எண்ணம் இதுதான். 62 ஆகட்டும் 64 ஆகட்டும், அது ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த வயது மட்டுமே. அந்த வயதில் எவ்வளவு கிடைக்கும் என்பதை நீங்கள் எத்தனை காலாண்டுகள் பங்களிப்புச் செலுத்தியிருக்கிறீர்கள் என்ற கணக்கே தீர்மானிக்கிறது. 1966இலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள் 172 காலாண்டுகள், அதாவது 43 ஆண்டுகள் நிறைவு செய்திருந்தால்தான் 'முழு விகிதம்', அதாவது சிறந்த 25 ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்தில் 50 சதவீதம் கணக்கிடப்படும்.

காலாண்டுகள் குறைவாக உள்ளவர்களுக்கு இரண்டாவது ஒரு வயது இருக்கிறது. அது 67. அந்த வயதை எட்டியவருக்கு எத்தனை காலாண்டுகள் குறைந்தாலும் தண்டனைக் கழிவு இல்லாமல் முழு விகிதம் கொடுக்கப்படுகிறது. செய்திகளில் 64 என்ற எண்ணே திரும்பத் திரும்ப ஒலித்தாலும், வயது வந்தபின் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களில் மிகப் பலருக்கு வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எண் 67தான்.

முன்பு எத்தனை வயதில் ஓய்வு பெற்றார்கள்?

நெடுங்காலம் 65ஆக இருந்ததை, அதிபர் மித்தெரானின் அரசு 1982இல் 60ஆகக் குறைத்தது. அப்போது 37.5 ஆண்டுகள் பங்களித்திருந்தால் போதுமானது. அதன் பின்னர் வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் எதிர்த்திசையிலேயே நடந்திருக்கிறது. 1993இல் பிரதமர் பலதூரின் அரசு தனியார் துறையினருக்கு 40 ஆண்டுகள் என்று உயர்த்தியதோடு, சிறந்த 10 ஆண்டுகளின் சராசரிச் சம்பளத்துக்குப் பதிலாகச் சிறந்த 25 ஆண்டுகளின் சராசரியை எடுக்கும் முறையையும் கொண்டுவந்தது. வயதைப் பற்றி எழுந்த கூச்சலில் கால்வாசிகூட எழாமல் நடந்த இந்த மாற்றம், வருமானம் ஏறி இறங்கிய தொழிலாளர்களின் ஓய்வூதியத்தை ஆழமாகக் குறைத்தது என்பது என் கருத்து. 2010இல் அதிபர் சார்கோசி காலத்தில் 60 என்பது 62 ஆகவும், 65 என்பது 67 ஆகவும் உயர்ந்தன. 2014இல் பங்களிப்புக் காலத்தைப் படிப்படியாக 43 ஆண்டுகளாக்கும் சட்டம் வந்தது. 2023இன் சட்டம் அந்த 43ஐ விரைவுபடுத்தி, 62ஐப் பிறந்த ஆண்டுக்கேற்பப் படிப்படியாக 64 ஆக்கியது.

அரசு வயதை உயர்த்த விரும்பியதற்குக் காரணம் என்ன?

பிரான்சின் ஓய்வூதியம் சேமிப்புக் கணக்கு போன்றதன்று. இன்று வேலை செய்பவர்கள் இந்த மாதம் செலுத்தும் பணம், இன்று ஓய்வில் இருப்பவர்களுக்கு இந்த மாதமே வழங்கப்படுகிறது. 1960இல் ஓய்வூதியர் ஒருவருக்குப் பங்களிப்பவர் நால்வர் இருந்தனர், இப்போது 1.7 பேரே உள்ளனர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 14 சதவீதம் ஓய்வூதியத்துக்குச் செல்கிறது. எதுவும் செய்யாவிட்டால் 2030இல் பற்றாக்குறை 1,350 கோடி யூரோவை எட்டும் என்று 2023 ஜனவரியில் பிரதமர் எலிசபெத் போர்னின் அரசு கூறியது. வயதை உயர்த்தினால் மக்கள் கூடுதலாக இரண்டாண்டுகள் பங்களிப்பார்கள், இரண்டாண்டுகள் தாமதமாகப் பெறத் தொடங்குவார்கள் என்பதால் இரு பக்கமும் இலாபம் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தைத் தூக்கியெறிய முடியாது. கணக்குத் தணிக்கை நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, 2023இன் சட்டம் முழுமையாக நடைமுறைப்பட்டாலும்கூட 2035இல் 1,500 கோடி யூரோவும் 2045இல் 3,000 கோடி யூரோவும் பற்றாக்குறை இருக்கும் என்று மதிப்பிட்டது. எனவே பிரச்சினையே இல்லை என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்தச் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதில்தான் எனக்கு ஆழமான மனக்குறை உண்டு.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

முதலாவதாக, நிலைமை அவ்வளவு அவசரமானதன்று என்றார்கள். ஓய்வூதியங்களைப் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் ஓய்வூதிய நெறிப்படுத்தல் மன்றத்தின் அப்போதைய தலைவரே, செலவு கட்டுமீறிப் போகவில்லை என்று 2023 ஜனவரியில் பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார்.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 18 வயதில் கட்டட வேலைக்குச் சென்றவரையும் 24 வயதில் பட்டம் பெற்றுப் பொறியியலாளராக வேலையில் சேர்ந்தவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 24இல் தொடங்கியவருக்கு 43 ஆண்டுகள் நிறைவடைய எப்படியும் 67 ஆகிவிடும். 62 ஆனாலும் 64 ஆனாலும் அவருக்குப் பெரிய வேறுபாடில்லை. 18இல் தொடங்கியவரோ 61இலேயே 43 ஆண்டுகளை முடித்துவிடுகிறார். ஆகவே, குறைந்தபட்ச வயதை உயர்த்தும்போது அதன் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் இளமையிலேயே உழைக்கத் தொடங்கியவர்தான். 'நீண்ட தொழில்வாழ்க்கை' என்ற சலுகையின் கீழ் 16, 18, 20, 21 வயதுகளுக்கு முன் தொடங்கியவர்கள் முறையே 58, 60, 62, 63 வயதுகளில் வெளியேறச் சட்டம் இடமளித்தது உண்மை. ஆனால் அந்தப் படிகள் பலருக்கு 43 ஆண்டுகளுக்கும் மேலாக உழைக்க வேண்டிய நிலையை உண்டாக்கின.

இதோடு ஆயுளையும் சேர்த்துப் பாருங்கள். பிரான்சின் தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 2012 முதல் 2016 வரையான தரவுகளைக் கொண்டு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்களில் அதிக வருமானம் உள்ள 5 சதவீதத்தினரின் சராசரி ஆயுள் 84.4 ஆண்டுகள், மிகக் குறைந்த வருமானம் உள்ள 5 சதவீதத்தினரின் ஆயுள் 71.7 ஆண்டுகள். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 13 ஆண்டுகள். எல்லாரிடமிருந்தும் இரண்டு ஆண்டுகள் எடுக்கப்படுவதாகத் தோன்றினாலும், 64க்குப் பின் 20 ஆண்டுகள் வாழப்போகிறவரிடம் எடுக்கும் இரண்டும், 8 ஆண்டுகளே வாழக்கூடியவரிடம் எடுக்கும் இரண்டும் ஒரே அளவானவையாக ஆகமாட்டா.

மூன்றாவது, வேலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. 2022இல் 60 முதல் 64 வயது வரையானவர்களில் சுமார் 36 சதவீதத்தினரே வேலையில் இருந்தனர். மற்றவர்களில் பலர் ஓய்வில் இருந்தாலும், வேலையும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் உதவித்தொகையிலும் நோய்க்கால விடுப்பிலும் நாட்களைக் கடத்துவோர் ஒரு பெருங்கூட்டம். வயதை உயர்த்தினால் அந்த இடைவெளி நீளும்.

வாக்கெடுப்பு இல்லாமல் இது எப்படிச் சட்டமானது?

2023 ஜனவரி 19 முதல் எட்டுத் தொழிற்சங்கங்களும் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தங்களை நடத்தின. மார்ச் 7ஆம் தேதி உள்துறை அமைச்சின் கணக்கிலேயே 12 லட்சத்து 80 ஆயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். சேஜேதே (CGT) தொழிற்சங்கம் 35 லட்சம் என்றது. பாரிஸில் குப்பை அள்ளுபவர்களின் வேலைநிறுத்தத்தால் நகரில் சுமார் 10,000 டன் குப்பை தேங்கியது. காலை 5 மணிக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருந்த அந்த வாரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

கீழவையில் பெரும்பான்மை உறுதியாக இல்லாததால், மார்ச் 16 அன்று பிரதமர் அரசியலமைப்பின் 49ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவைப் பயன்படுத்தினார். அந்த உட்பிரிவின்படி அரசு ஒரு சட்டத்தின் மீது தன் பதவியையே பணயம் வைக்கலாம். நம்பிக்கையில்லாப் பிரேரணை வெற்றி பெறாவிட்டால் வாக்கெடுப்பின்றியே சட்டம் நிறைவேறியதாகக் கருதப்படும். மார்ச் 20 அன்று அந்தப் பிரேரணைக்கு 278 வாக்குகள் கிடைத்தன, தேவை 287. ஒன்பது வாக்குகளில் அரசு தப்பியது. ஏப்ரல் 14 அன்று அரசியலமைப்பு மன்றம் சில பகுதிகளை நீக்கி, வயது உயர்வை ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இப்போது சட்டம் நிறுத்தப்பட்டுவிட்டதா?

நீக்கப்படவில்லை, 2028 ஜனவரி வரை இடைநிறுத்தப்பட்டிருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 அன்று பிரதமர் செபஸ்தியான் லுகொர்னு அறிவித்த இந்த முடிவு, அவ்வாண்டு டிசம்பரில் சமூகப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் வழியாகப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இதனால் 1964இல் பிறந்தவர் 63க்குப் பதிலாக 62 வயது 9 மாதத்தில், 171க்குப் பதிலாக 170 காலாண்டுகளோடு வெளியேறலாம். 1968 வரை பிறந்தவர்களுக்கும் ஏறத்தாழ மூன்று மாத ஆதாயம் உண்டு. அதன் பின்னர் என்ன ஆகும் என்பது 2027 அதிபர் தேர்தலின் முடிவைப் பொறுத்தது. "64 போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். 67 வயது என்ற எல்லையை இந்த இடைநிறுத்தம் தொடவே இல்லை.

நான் 25 வயதுக்குப் பிறகுதான் பிரான்சுக்கு வந்தேன். இந்த விவாதம் என்னை எப்படிப் பாதிக்கிறது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1966 ஜனவரியில் பிறந்த ஒருவர், 1993 ஜனவரி முதல் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையில் பதிவோடு இடைவிடாமல் உழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறந்த 25 ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20,000 யூரோ.

2029 நடுப்பகுதியில், 63½ வயதில் அவர் வெளியேறினால் கையில் 146 காலாண்டுகள் இருக்கும், 26 குறைவு. குறையும் ஒவ்வொரு காலாண்டுக்கும் 1.25 சதவீதம் கழிவு உண்டு. ஆனால் குறைந்த காலாண்டுகள், 67 வயதுக்கு மீதமுள்ள காலாண்டுகள் ஆகிய இரண்டில் சிறியதே கணக்கில் எடுக்கப்படும். அவருக்கு 67க்கு மீதம் 14 காலாண்டுகள், கழிவு 17.5 சதவீதம். 50 என்ற விகிதம் 41.25 ஆகிறது. அதோடு முடிவதில்லை, அந்தத் தொகையை மறுபடியும் 146/172 என்ற பின்னத்தால் பெருக்குகிறார்கள். முடிவில் மாதத்துக்குச் சுமார் 583 யூரோ. அதே மனிதர் 67 வரை உழைத்தால் 160 காலாண்டுகள், 50 சதவீதம், மாதத்துக்குச் சுமார் 775 யூரோ. தனியார் துறையினரின் மேலதிக ஓய்வூதியமான அஜிர்க்-ஆர்கோ (Agirc-Arrco) புள்ளிகள் இரண்டுக்கும் தனியாகச் சேரும். குறைந்த சம்பளக்காரர்களின் அடிப்படை ஓய்வூதியத்தைத் தூக்கிவிடும் குறைந்தபட்சத் தொகையோ முழு விகிதம் பெற்றவர்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது; ஆகவே 67 வரை காத்திருப்பவருக்கே அது கைகூடும்.

இந்தக் கணக்கில் 62 வந்ததா, 64 வந்ததா? இரண்டும் வரவில்லை. ஆனால் நாளை வேறோர் அரசு 67ஐ 68 ஆக்க முனைந்தால் அது நேரடியாக நம்மைத்தான் தாக்கும். அப்போது தெருவில் இவ்வளவு பெரிய கூட்டம் திரளுமா என்பது எனக்குக் கவலை தரும் கேள்வி.

பதிவில்லாமல் செய்த வேலைக்கு ஏதாவது கிடைக்குமா?

பங்களிப்புச் செலுத்தப்படாத வேலைக்குக் காலாண்டு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு மூத்தவர், தனக்கு வந்த தொழில் வரலாற்று அறிக்கையை மேசையில் விரித்து வைத்தார். ஆண்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முதலாளியின் பெயர், சம்பளம், காலாண்டு எண்ணிக்கை. 1990, 1991, 1992 ஆகிய ஆண்டுகளுக்கு வரியே இல்லை. அந்த இடத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் மூன்று உணவகங்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். ஒன்றில் இரவு இரண்டு மணி வரை பாத்திரம் கழுவியிருக்கிறார். இன்னொன்றில் வாரத்துக்கு ஆறு நாள். சம்பளம் கையில் கொடுத்தார்கள், சீட்டு கொடுக்கவில்லை. பென்சில் எழுத்தைச் சுட்டிக்காட்டி, "தம்பி, இதை அவையளுக்குக் காட்டினா எடுப்பினமோ?" என்று கேட்டார். எடுக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் சம்பளச் சீட்டு இருந்து, அறிக்கையில் மட்டும் அந்த ஆண்டு விடுபட்டிருந்தால் நிலைமை வேறு. சீட்டில் பங்களிப்புப் பிடித்தம் காட்டப்பட்டிருந்தால், முதலாளி அந்தப் பணத்தைச் செலுத்தாமல் விட்டிருந்தாலும் காலாண்டைச் சேர்க்குமாறு கேட்கலாம். அதனால் பழைய சம்பளச் சீட்டுகளை ஒன்றுகூட எறியாதீர்கள். உணவகம் மூடப்பட்டிருந்தாலும், முதலாளி இறந்திருந்தாலும், அந்தச் சீட்டு பேசும்.

வேலையிழந்து உதவித்தொகை பெற்ற ஒவ்வொரு 50 நாளுக்கும், நோய்க்காக உதவித்தொகை பெற்ற ஒவ்வொரு 60 நாளுக்கும் ஒரு காலாண்டு சேரும் என்பதையும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். குறைந்த நேரம் வேலை செய்பவரும் ஓராண்டில் குறைந்தபட்சச் சம்பளத்தின் 600 மணிநேரத்துக்கு ஈடான வருமானம் காட்டினால் நான்கு காலாண்டுகளையும் பெற்றுவிடலாம்.

பெண்களுக்கு இது கூடுதல் பாதிப்பா?

தனியார் துறையில் ஒரு பிள்ளைக்கு எட்டுக் காலாண்டுகள் வரை சேர்க்கப்படுகின்றன. அதில் பெரும்பகுதி தாய்க்கே செல்கிறது. இரண்டு பிள்ளைகள் பெற்றவர் 16 காலாண்டுகளின் உதவியால் 62 வயதிலேயே முழு விகிதத்தை எட்டியிருக்க முடியும். குறைந்தபட்ச வயது 64 ஆனபோது அந்தக் காலாண்டுகள் இருந்தும் முன்கூட்டி வெளியேற முடியாத நிலை வந்தது. பெண்கள் ஓரளவு பாதிக்கப்படுவார்கள் என்பதை அமைச்சர் பிராங்க் ரியஸ்தெர் 2023 ஜனவரியில் தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, 63 வயதில் தேவையான காலாண்டுகளை முடித்த தாய்மாருக்கு அதிகபட்சம் 5 சதவீத உயர்வு சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

உடம்பு முடியாமல் போனவர்களும் 64 வரை உழைக்க வேண்டுமா?

வேலைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவரீதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு 62 வயதும் முழு விகிதமும் காப்பாற்றப்பட்டன. ஆனால் உடல் தேய்வது வேறு, தகுதியின்மை என்று சான்றிதழ் பெறுவது வேறு. கடினமான வேலை செய்பவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து முன்னதாக வெளியேற வழிசெய்யும் ஒரு கணக்கு இருக்கிறது. 2017இல் அதிலிருந்து நான்கு காரணிகள் நீக்கப்பட்டன: பாரம் தூக்குதல், உடலை வருத்தும் நிலையில் நின்றும் குனிந்தும் வேலை செய்தல், இயந்திர அதிர்வு, இரசாயனப் பொருட்கள். துப்புரவு வேலையிலும் சமையலறையிலும் கட்டடத்திலும் நிற்பவர்களின் முழங்காலும் இடுப்பும் தோளும் எதனால் பழுதாகின்றனவோ, அதையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வயதை உயர்த்தியது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இரவு வேலை இன்னும் கணக்கில் இருக்கிறது. இரவு அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள் தங்கள் புள்ளிகள் பதிவாகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 67 என்கிறார்களே, பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஏன் முறையிடுகிறார்கள்?

ஜெர்மனியில் 1964இலும் பின்னரும் பிறந்தவர்களுக்கு வழமையான வயது 67 என்பது சரி. இத்தாலியிலும் 67. ஆனால் பிரான்சின் 64ஐ அவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. 64 என்பது விண்ணப்பிக்கக்கூடிய முதல் வயது. காலாண்டுகள் போதாதவருக்குப் பிரான்சிலும் 67தான்.

முதுமையில் ஊருக்குப் போய் இருந்தால் பணம் வருமா?

பங்களித்து உழைத்துப் பெற்ற ஓய்வூதியம் எந்த நாட்டில் இருந்தாலும் வரும். ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சு இராணுவ ஓய்வூதியர்களின் குடும்பங்களுக்கு இந்தச் சான்றிதழ் பழகிப்போன ஒன்று. ஆனால் 65 வயதுக்கு மேல் வருமானம் போதாதவர்களுக்குக் கொடுக்கப்படும் முதியோர் உதவித்தொகை அப்படியன்று. தனியாக வாழ்பவருக்கு மாதம் ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல் வரை வருமானத்தை உயர்த்திவிடும் இந்தத் தொகையைப் பெற, ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மேல் பிரான்சில் வசிக்க வேண்டும். அகதியாக ஏற்கப்படாத வெளிநாட்டவர், வேலை செய்ய உரிமை தரும் வதிவிட அட்டையோடு பத்து ஆண்டுகள் இருந்திருக்கவும் வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊருக்கோ கனடாவுக்கோ போய் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பும் பெரியவர்கள், இந்த ஒன்பது மாதக் கணக்கை அறியாமல் தொகையைத் திருப்பிச் செலுத்தும் நிலைக்கு ஆளாகலாம்.

வயதை உயர்த்துவதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பங்களிப்பு வீதத்தை உயர்த்தலாம். வசதியான ஓய்வூதியர்களிடம் கூடுதலாகக் கேட்கலாம். முதலீட்டு வருமானத்தின் மீது வரி விதிக்கலாம். ஓய்வூதிய உயர்வை ஓரிரு ஆண்டுகள் நிறுத்தலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரை நோகச் செய்யும். வயதை உயர்த்துவதில் உள்ள வசதி, அது எல்லாரையும் சமமாக நடத்துவதுபோல் காட்சியளிப்பதுதான். எத்தனை வயதில் வேலையைத் தொடங்கினார், என்ன வேலை செய்தார் என்ற இரண்டையும் முன்னிறுத்திப் பங்களிப்புக் காலத்தையே முதன்மை அளவுகோலாக்கி, நீக்கப்பட்ட நான்கு காரணிகளையும் மீண்டும் சேர்த்தால், கூடுதலாக உழைக்கக் கேட்பதை நானும் எதிர்க்க மாட்டேன்.

நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

35 வயதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்கள் தொழில் வரலாற்று அறிக்கை தபாலிலோ இணையக் கணக்கிலோ வரும். அதைத் திறந்து, பழைய சம்பளச் சீட்டுகளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றதில் வேறுவிதமாகவும் இருப்பதால் காலாண்டுகள் விடுபட்டுப் போனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதற்பெயர் எது, தந்தை பெயர் எது என்ற குழப்பம் நம்மவர்களின் ஆவணங்களில் மிகுதி. பிழையைக் கண்டால் சீட்டின் பிரதியை இணைத்து எழுதிக் கேளுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.